அவள் பெயரில் நிற்கும் வரி

பத்தே கால் ஆனதும் எழுந்து நிற்கிறோம். உட்கார்ந்தால் பேச்சு நீளும், நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் சுருக்கமாகப் பேசுவார்கள் என்று எந்த நாட்டிலோ யாரோ கண்டுபிடித்ததை அவிநாசி சாலையில் ஒரு மூன்றாவது மாடியில் நாங்களும் செய்துகொண்டிருக்கிறோம், ஏழு பேர், ஜன்னலை ஒட்டி அரைவட்டமாக, ஆளுக்கொரு காகிதக் கப் டீயோடு. ஆளுக்கு மூன்று கேள்வி. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், உன் வேலைக்கு ஏதாவது தடை இருக்கிறதா. அந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். பிளாக்கர் ஒண்ணுமில்லீங்ணா. நானும் இரண்டு வருடமாகத் தினமும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். இன்றைக்கு இருக்கிறது. காலை எட்டரை மணியிலிருந்து இருக்கிறது. முறை ஈஸ்வரமூர்த்தி அண்ணாவிடமிருந்து இடப்பக்கமாக வரும், அவர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர், முதலில் பில்ட் என்கிற புதுப் பதிப்பைச் சோதித்துப் பார்க்கிற நஸ்ரின், அப்புறம் திரைக்கு வண்ணம் போடுகிறவர், அப்புறம் சர்வர் பார்க்கும் இரண்டு பேர், ஐந்தாவதாக நான், கடைசியில் ஜெசிந்தா. எனக்கு முன்னால் நான்கு பேர். நான்கு பேர் பேசி முடிப்பதற்குள் என் வாய்க்கு ஒரு வாக்கியம் வந்து சேர வேண்டும். பெரிய வாக்கியம்கூட இல்லை. அது நான் எழுதினது, ஜெசிந்தா எழுதினதில்லை. ஐந்தே சொல். பதினோரு மணிக்கு அவளை உள்ளே கூப்பிடுவார்கள், ஆறு மாதத் தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது, இருக்கச் சொல்வதா போகச் சொல்வதா என்று அங்கே முடிவாகும், அதற்கு முன்னால் ஐந்து சொல். நாக்கின் அடியில் புளிப்பு மிட்டாய் போல அது கரையாமல் கிடக்கிறது. டீயில் சர்க்கரை அதிகம். ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத் தூண்களில் சுவரொட்டி ஒட்டுகிறவன் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகிறான், மெதுவாக, எனக்காகவே மெதுவாகப் போகிறவன் மாதிரி.

நஸ்ரின் ஆரம்பித்துவிட்டாள். "நேத்து இருபத்திமூணு தடவை சேமி அழுத்தினேன். பத்தொம்போது தடவை ஸ்கிரீன் செத்துப் போச்சு. இன்னைக்கும் இதே பில்டைக் குடுத்தீங்கன்னா என் கட்டைவிரலுக்கு இன்சூரன்ஸ் போட்டுக் குடுங்கண்ணா." எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரிக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். "ஓடின நாலும் போட்டோ எடுக்காம அழுத்தினது," என்றாள் நஸ்ரின். "அதான் சொல்றேன்," என்றார் அண்ணா, "போட்டோவை அனுப்பறது யாரு, புதுசாப் போட்ட சர்வீஸ்தானே, அதுலதான் சிக்குது." இல்லை என்று எனக்குள் ஒருவன் சொன்னான். அவன் எப்போதும் சரியாகத்தான் சொல்கிறான், ஆனால் அவனுக்குத் தொண்டை கிடையாது. விஷயம் இதுதான். தீராத நோயோடு வீட்டிலேயே படுத்திருப்பவர்களைப் போய்ப் பார்க்கும் செவிலியர்களுக்காக ஒரு அறக்கட்டளைக்கு நாங்கள் செயலி செய்து கொடுத்திருக்கிறோம். வலி எவ்வளவு, எந்த மருந்து, எத்தனை மணிக்கு, புண்ணின் படம் ஒன்று, பிறகு சேமி. போன மாதம் வரை ஒழுங்காக இருந்தது. போன வாரம் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. செவிலியர்களுக்குப் புதிய போன் கொடுத்தார்கள், அதன் படங்கள் பழைய படங்களைவிட ஏழெட்டு மடங்கு பெரியவை. அதே நாளில் ஜெசிந்தா எழுதிய பின்னணிச் சேவையும் செயலிக்குள் ஏறியது, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர்கள் அடுத்த வீட்டுக்கு நடக்கும்போதே சிக்னல் கிடைக்கிற இடத்தில் பதிவுகளைச் சத்தமில்லாமல் அனுப்பிவைக்கிற ஒன்று. அன்றிலிருந்து திரை நிற்கிறது. புதிதாக வந்தவளின் புதிய வேலை, அன்றிலிருந்துதான் கோளாறு, இதற்கு மேல் யார் யோசிப்பார்கள்? நின்ற திரையின் மேல் போனே ஒரு பெட்டியைக் காட்டும், இந்தச் செயலி பதில் சொல்லவில்லை, மூடவா, காத்திருக்கிறீர்களா என்று. வேலை அவசரத்தில் மூடு என்பதை அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால் எழுதியது போயிற்று. முந்தாநாள் ஒரு வீட்டில் காலையில் கொடுத்த வலி மருந்து பதிவாகாமல், மாலையில் வந்த செவிலியர் திரும்பவும் கொடுக்கப் போய், அந்தப் பெரியவரின் மகள் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறாள். கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால், அவள் அந்த நேரம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தால். இதை நான் நினைக்கும்போதெல்லாம் ஒரு பெண் குடத்தோடு குழாயடியில் நிற்பது தெரிகிறது, அவள் திரும்பவில்லை, தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கிறது.

அந்தச் செவிலியர்களில் ஒருவரான துளசிமணி அக்கா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். தன் மகளின் போனால் தன் போனை எடுத்த வீடியோ. சேமியை அழுத்துகிறார், நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது, கால் சுற்று வந்ததும் நின்றுவிடுகிறது. "பாருங்க சார், சுத்தறதுங்கூட நின்னு போச்சு," என்கிறது குரல். அந்த நேரத்தில் ஒரு ஈ வந்து போனின் கண்ணாடியில் உட்கார்ந்து, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்து போகிறது. கண்ணாடிக்கு மேலே ஈ நடக்கிறது, கண்ணாடிக்குக் கீழே ஒன்றும் நகரவில்லை. அந்தக் கால் வட்டத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் ஓடுகிற சேவை சிக்கினால் முன்னால் சுற்றுகிற வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வட்டமே நின்றது என்றால் முன்னால் இருக்கிறவனைத்தான் யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஒரு ஊரில் ஒரு ராஜாவாம், அவனுக்கு அரண்மனை நிறைய ஆள் இருந்தாலும், ராஜாவின் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிற ஆள் ஒரே ஒருத்தனாம். விளக்கு ஏற்றுவது அவன், கதவு திறப்பது அவன், ராஜா கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதும் அவன். மற்றவர்களெல்லாம் கொல்லைப்புறமாகப் போய் வருவார்கள், அவர்கள் எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் ராஜாவுக்குத் தெரியாது. ஒருநாள் அந்த ஒருத்தனைப் பிடித்து, ஏழு கடல் தாண்டி ஒரு பானைத் தண்ணீர் கொண்டு வா, வரும் வரை வேறொன்றும் செய்யாதே என்று அனுப்பிவிட்டார்களாம். அவன் போனானாம். போனதும் அரண்மனையில் ஏற்றின விளக்கு அசையவில்லை, திறந்த கதவு திறந்தபடி, ராஜா எடுத்த கவளம் வாய்க்கும் கைக்கும் நடுவில், சாமரம் வீசுகிறவளின் வளையல் பாதிச் சத்தத்தில். அனுப்பியவன் யார் என்று கேட்டால் கதையில் பதில் இருக்கும். அனுப்பியவன் நான். மெயின் த்ரெட் என்று நாங்கள் சொல்கிற அந்த ஒருத்தனை, படத்தைச் சின்னதாக்கு, பூட்டிவை, எழுது, எழுதி முடித்தேன் என்று தெரியும் வரை இங்கேயே நில் என்று ஒரே வரியில் கட்டிப்போட்டவன் நான்தான். படம் சின்னதாக இருந்தவரை அரை விநாடி. இப்போது எட்டு.

"பொத்தானுக்கு அந்தப் பச்சை அடிக்குதுன்னு சொன்னாங்க, கொஞ்சம் குறைச்சிருக்கேன்," என்று வண்ணக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "நிக்கிற ஸ்கிரீனுக்கு எந்தப் பச்சை போட்டா என்னங்க," என்றாள் நஸ்ரின். திரும்பவும் சிரிப்பு. மூன்று பேர் இருக்கிறார்கள் எனக்கு முன்னால், இல்லை, இரண்டு. எங்களிடம் ஒரு கட்டளை உண்டு, எந்த வரியின் மேல் வைத்துக் கேட்டாலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைச் சொல்லும். அதன் பெயரே பழி என்று பொருள்படும் சொல்தான், பிளேம். நேற்று அண்ணா அதைத்தான் ஓட்டினார். சேமிக்கிற பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ஜெசிந்தா, ஜெசிந்தா, ஜெசிந்தா. அவளே திரையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். அவள் சேர்ந்த முதல் வாரம், எல்லாக் கோப்புகளையும் புதிய அடுக்குக்கு மாற்றி, கோணல் மாணலாக இருந்த வரிகளையெல்லாம் ஒரே சீராக இழுத்துவிடுகிற ஒரு வேலை இருந்தது. யாருக்கும் பிடிக்காத வேலை. அது எனக்குத்தான் வந்தது. புதுசா வந்திருக்காங்களே, எல்லாத்தையும் ஒரு தடவை பாத்த மாதிரி இருக்கும்ணா என்று நான்தான் அவள் பக்கம் தள்ளினேன். நான்கு நாள் உட்கார்ந்து செய்தாள். முப்பதாயிரம் வரியையும் தொட்டாள், முப்பதாயிரம் வரியிலும் அவள் பெயர் ஏறிக்கொண்டது. சுண்ணாம்பு அடிக்க வந்தவளைப் பிடித்து இந்த வீட்டை நீதானே கட்டினாய், இந்தச் சுவர் ஏன் விரிந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். இன்று காலை எட்டரைக்கு, யாரும் வராத நேரத்தில், அந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். அதற்கும் வழி இருக்கிறது, அவளுக்கு முன்னால் தொட்டது யார் என்று கேட்கலாம். பூபதி என்று வந்தது. என் பெயரை அவ்வளவு தெளிவான எழுத்தில் நான் எங்கும் பார்த்ததில்லை. பக்கத்தில் நானே எழுதி வைத்த குறிப்பு, தற்காலிகம், அப்புறம் மாற்ற வேண்டும். அப்போது ஏசி போடவில்லை, துடைத்த தரையில் பினாயில் ஈரம் காயவில்லை, என் சட்டைக் காலர் மட்டும் நனைந்துபோயிற்று. அப்புறம் ஒன்பது மணிக்கு. இல்லை, ஒன்பது மணி இப்போது வேண்டாம்.

அந்த வரியை நான் ஏன் எழுதினேன் என்றும் இருக்கிறதே. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. செயலி தொடங்கிய புதிதில் துளசிமணி அக்காவோடு ஒருநாள் வீடு வீடாகப் போனேன், மலையடிவாரத்து ஊர், சிக்னல் ஒரு பனைமரத்துக்கு இந்தப் பக்கம் உண்டு அந்தப் பக்கம் இல்லை. ஒரு வீட்டில் கயிற்றுக் கட்டிலில் ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "பத்துக்கு எத்தனை வலிக்குதுங்க மாமா?" என்று அக்கா கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அக்கா திரும்பக் கேட்கவில்லை, கட்டில் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு கோழி வந்து உள்ளே பார்த்துவிட்டுப் போயிற்று. ரொம்ப நேரம் கழித்து ஏழு என்றார் அவர். அக்கா ஏழு என்று எழுதினார். நான் அதற்குள் மூன்று தடவை வாயைத் திறந்து மூடிவிட்டேன், ஐந்துன்னு போட்டுக்கலாமா என்று கேட்க. வெளியே வந்ததும் அக்கா கேட்டார், "ஏந்தம்பி, இத அமுக்கீட்டு நான்பாட்டுக்குப் போயிட்டா, உள்ள போயிருச்சு போகலன்னு எனக்கெப்படித் தெரியும்?" நான் சொன்னேன், பதிவானால்தான் திரை மாறும், அது வரைக்கும் மாறவே மாறாதுங்கக்கா. வாக்கு மாதிரிதான் சொன்னேன். அலுவலகத்துக்கு வந்ததும் அந்த வாக்கை ஒரு வரியாக எழுதினேன். முடியும் வரை இங்கேயே நில். அக்கா கட்டிலருகில் உட்கார்ந்திருந்ததைப் போல என் வரியும் நிற்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் அக்கா காத்திருந்தபோது அவர் கண் அசைந்தது, கை அந்த மனிதரின் போர்வையை இழுத்துவிட்டது, பின்னால் அடுப்பங்கரையில் யாரோ கேட்டதற்குத் தலையாட்டினார். என் வரி நின்றால் கண்ணும் கையும் சேர்ந்து நின்றுவிடுகிறது. என்னைப் போல.

என்னைப் போலத்தான். அம்மா போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். சாப்பிட்டேனா, மத்தியானம் கேட்கிறாளா இப்போதா, சாப்பிட்டேன் என்றால் என்ன சாப்பிட்டாய் என்பாள், உப்புமா என்றால் உப்புமா எல்லாம் ஒரு சாப்பாடா என்பாள், நான் இந்தப் பக்கம் இதையெல்லாம் முடித்துவிட்டு வருவதற்குள் அவள் அந்தப் பக்கம், "ஹலோ, ஹலோ, கேக்குதா, இந்தக் கருமம் புடிச்ச லைனு," என்று வைத்துவிடுவாள். திரும்ப நானே கூப்பிட்டு, "லைன் கட்டாகலம்மா, நான்தான் இருந்தேன்," என்றால், "இருந்தா இருக்கேன்னு சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்பாள். அவிநாசியில் பேருந்துக்கு நிற்கும்போது ஒரு பெரியவர் இது திருப்பூர் போகுமா என்று கேட்டார், நான் பதில் எடுத்துக்கொண்டு வருவதற்குள் பேருந்தும் அவரும் போய்விட்டார்கள், போகாது என்பதுதான் பதில். இப்போதும் எங்கோ போகாத ஊரில் இறங்கி நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும், வெள்ளைத் துண்டு, கையில் மஞ்சள் பை. எல்லோருக்கும் உள்ளே நிறைய ஆள் இருக்கிறார்கள், ஒருவன் யோசிப்பான், ஒருவன் பயப்படுவான், ஒருவன் பழையதைக் கிளறுவான், முன்னால் நிற்கிறவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பான். எனக்கு எல்லாவற்றுக்கும் அவன் ஒருவன்தான். அவனே யோசித்து, அவனே பயந்து, அவனே பயத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்து பேச வேண்டும். ஒன்பது மணிக்கும் அதுதான் நடந்தது, ஒன்பது மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை, தூணில் பசை பூசுகிறவன் சுவரொட்டியை விரிக்கிறான், பாதி முகம் தெரிகிறது, யாரோ சிரிக்கிறார்கள், சர்வர் பார்க்கிறவர் ஏதோ எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் உதடு அசைவது தெரிகிறது, ஏசிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்கிறது, சொட்டு, சொட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சொல், அது, நான், எழுதினது.

"பூபதி."

என் பெயர். எத்தனையாவது தடவை கூப்பிட்டார் என்று தெரியவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நேத்து மருந்துப் பட்டியல் ஸ்கிரீனுங்ணா," என்றேன். "இன்னைக்கு?" "அதேதானுங்ணா." "பிளாக்கர்?" இப்போது. அந்த ஐந்து சொல்லும் வரிசையாக வந்து தொண்டைக்குக் கீழே நின்றன, முதல் சொல் திரும்பி இரண்டாவது சொல்லைப் பார்த்தது. ஜெசிந்தா என் இடப்பக்கம் நிற்கிறாள், அவள் கப்பில் டீ ஆடை கட்டியிருக்கிறது, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சொன்னால் பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிடுவது என்னையாக இருக்கும். அந்தப் பெரியவரின் மகள் கையைப் பிடித்துத் தடுத்தது என் வரி செய்த தப்பைத்தான், அவள் பிடிக்காமல் விட்டிருந்தால் என்று அண்ணா கேட்பார், நான் என்ன சொல்வேன், தற்காலிகம் என்று எழுதி வைத்திருக்கிறேன் பாருங்கள் என்றா? "இல்லீங்ணா," என்றது என் வாய். இரண்டு வருடமாகப் பழகிய வாய், நான் வருவதற்குள் அதுவாகவே சொல்லிவிட்டது. அண்ணா அடுத்து என்று தலையாட்டினார். மேம்பாலத்தின் கீழே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது, அது ஏதோ ரொம்ப தூரத்து ஊரில் அடிப்பது போல இருந்தது.

"நேத்து முழுக்க அதத்தான் பாத்தேன்," என்றாள் ஜெசிந்தா. நாகர்கோவில் பேச்சு, பயந்தால் இன்னும் வேகமாகும். "என் சர்வீஸத் தனியா ஓட்டிப் பாத்தா நல்லாத்தான் ஓடுது. எங்க நிக்குதுன்னு எனக்குப் பிடி கிடைக்கல்ல. ஆனா சேமிக்க இடத்துல எல்லா வரியிலயும் என் பேருதான் கெடக்கு. அப்போ நான்தான் எதையோ தெரியாம மாத்தி வச்சிருக்கணும். எதுன்னு தெரியல்ல அண்ணே. தப்பு என்னுதுதான்." அண்ணா கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் அறக்கட்டளையிலிருந்து காலை முதல் நான்கு தடவை போன் வந்திருக்கிறது. "சரி விடு. பன்னெண்டு மணிக்கு அந்த சர்வீஸைக் கழட்டிட்டு, பழையபடி நேரடியா அனுப்பற மாதிரியே பில்ட் போட்டுரலாம். உன்ற விஷயம் பதினொண்ணுக்கு உள்ள பேசிக்கலாம்." அவள் சரியென்று தலையாட்டினாள். கழற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெரிய படங்களை அனுப்புகிற வேலையும் அந்த ஒருத்தன் தலையில் ஏறும். பனைமரத்துக்கு அந்தப் பக்கம் சிக்னல் இல்லாத வீட்டில் எட்டு விநாடி நாற்பது விநாடி ஆகும், எல்லோரும் மூடு என்பதை அழுத்துவார்கள், எல்லா வீட்டிலும், ஒவ்வொரு வீட்டிலும் கையைப் பிடிக்க ஒரு மகள் இருக்கமாட்டாள். குழாயடியில் அந்தப் பெண். குடம் நிரம்பி வழிகிறது. திரும்பு, திரும்பிப் பாரு, என்று கத்தினேன், கத்தினது யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் அது எப்படியோ வழியில் ஐந்து சொல்லாக மாறி வெளியே வந்தது. "அது நான் எழுதினது. ஜெசிந்தா எழுதினதில்லை."

"என்ன?" என்றாள் நஸ்ரின். "சத்தமாச் சொல்லு பூபதி, ஏசி எரையுது," என்றார் அண்ணா. திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவையும் சொன்னேன், எது என்று கேட்டார், வரி எண்ணைச் சொன்னேன், அவள் பெயரை விலக்கிப் பார்த்தால் கீழே என் பெயர் இருக்கும் என்றேன், சர்வீஸைக் கழட்டினால் இன்னும் மோசமாகும் என்றேன், ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது, நிறுத்தத் தெரியவில்லை. அண்ணா கணினி முன் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்திருக்கவில்லை. "ரெண்டு நிமிஷம் முன்னாடி பிளாக்கர் இல்லைன்னியேடா." ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். நன்றி, கோபம், அழுகை என்று எதையெதையோ நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் போல, ஆனால் அவள் முகத்தில் கணக்குப் போடுகிற ஒருத்திதான் இருந்தாள். "எப்பத் தெரியும் உங்களுக்கு?" "எட்டரைக்கு." "நான் ஒம்பது மணிக்கு வந்தேன்," என்றாள். "வந்ததும் உங்ககிட்டத்தான் கேட்டேன், பூபதி, இத ஒருக்க கூட இருந்து பாக்க முடியுமான்னு." ஆமாம். ஒன்பது மணிக்கு நடந்தது அதுதான், இவ்வளவு நேரமும் நான் சுற்றிச் சுற்றிப் போய்த் தொடாமல் வந்த இடம். பை தோளில் இருக்கும்போதே என் மேசைக்கு வந்து கேட்டாள். டீ குடிச்சிட்டு வந்து பாக்கலாங்க என்றேன், திரையைக் கீழே இறக்கிவிட்டேன், என் பெயர் இருந்த திரையை. "பொறவு நான் படிக்கட்டுல நின்னு துளசிமணி அக்காவக் கூப்பிட்டேன். என்னாலதான்க்கா, மன்னிச்சுக்கிடுங்கன்னு சொன்னேன். நீங்க டீ குடிக்கப் போன நேரம்." யாரும் டீயை வாயில் வைக்கவில்லை. "பன்னெண்டு மணி பில்ட் வேண்டாம்," என்றார் அண்ணா. "பதினொண்ணுக்கு ரெண்டு பேரும் உள்ள வாங்க." எல்லோரும் நாற்காலிக்குப் போனார்கள். ஜெசிந்தா போகவில்லை. "நீங்களே அக்காவக் கூப்பிட்டுச் சொல்லுங்க," என்றாள். "இப்பவே. நான் நிக்கேன்."

ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்தது. "ஆருங்க?" "பூபதிங்கக்கா. அன்னைக்கு உங்ககூட வந்தேன்." "சொல்லு தம்பி." "காலைல ஜெசிந்தா பேசினாங்களே. அது அவங்க பண்ணினதில்லீங்கக்கா. நான் பண்ணினது." அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை வைக்கும் சத்தம். "அந்தப் புள்ள அழுதுச்சேப்பா." "ஆமாங்கக்கா." "அப்பறம் எதுக்கு அவள அழுக உட்ட?" பக்கத்தில் ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "பயந்துட்டேங்கக்கா," என்றேன். அது தேடாமலே வந்தது. "செரி, அத அப்பறம் பேசலாம். இப்ப நானு ஒரு ஊட்டுக்குள்ள இருக்கறன். மருந்து குடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு. இத அமுக்கட்டுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு." "அமுக்குங்கக்கா. நிக்கும். மூடவான்னு கேக்கும், மூடிராதீங்க, காத்திருன்னு இருக்கறத அமுக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்." "அமுக்கீட்டேன்," என்றார்.

ஒரு மின்விசிறி, இறக்கை எங்கோ உரசுகிறது. யாரோ மூச்சு விடுகிறார்கள், இழுத்து, விட்டு, இழுத்து. பக்கத்து வீட்டில் குக்கர். கட்டில் ஒரு தடவை முனகிற்று, அக்காவின் வளையல் போர்வையில் உரசி அடங்கிற்று. ஜெசிந்தா போனுக்குக் குனிந்தாள், அவள் கூந்தலில் தேங்காய் எண்ணெய் மணம். நான் எதையும் நினைக்கவில்லை. "கேக்குது தம்பி, மூடவாங்குது." "காத்திருங்கக்கா." "காத்திருக்கறன்." மின்விசிறி. மூச்சு. யாரது போன்ல, என்று ஒரு மெலிந்த குரல். "நம்ம ஆளுகதானுங்," என்றார் அக்கா. பிறகு, "வந்துருச்சு. மாறீருச்சு. பத்தே முக்காலுன்னு எழுதியிருக்குது." "தம்பி, அந்தப் புள்ள பக்கத்துல இருந்தா குடு." ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் கொடுத்தேன். ஜெசிந்தா அதைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் பேசி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.